விடுபட்டதும் நீக்கப்பட்டதும்: ஓபுளாபுரம் சுரங்க வழக்கும் ஊழல் குறித்த தமிழ்ச் சொல்லாட்சியும்

மக்களாட்சியில் அரசியல் ஊழலும் அமைப்பாகத் திரண்ட குற்றமும் ஒன்றோடொன்று பிணைவதைப் பற்றித் தமிழில் மிகுதியாக எழுதப்படுகிறது. எழுதப்படுவனவற்றுள் பெரும்பகுதி மொழிபெயர்ப்பாகும். குற்றப்பத்திரிகை, தீர்ப்பு, விசாரணைக் குழு அறிக்கை, அண்டை மாநிலச் செய்தி ஆகியன ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ பிறந்து, மொழிபெயர்ப்பாளர் கைவழியாகவே தமிழ் வாசகரை அடைகின்றன. அவ்வாறு வரும்போது செய்தவர் மறைந்து செயல் மட்டும் எஞ்சுவதும், பின்னர்ச் செயலும் மெலிந்து ஒரு நிலையாக மாறிவிடுவதும் அடிக்கடி நிகழ்கின்றன. அம்மாற்றத்தை ஒரு வழக்கை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். அவ்வழக்கைத் தேர்ந்தமைக்குக் காரணம், அதன் மையத்தில் இருப்பதே ஒரு சொல் என்பதாகும்.

ஒரு பெயரடையின் விலை

ஐதராபாத் நகரின் பேகம்பேட் பகுதியை 2008 மார்ச்சு வரை வானூர்தி நிலையத்தின் பெயராகவே வெளியூரார் அறிந்திருந்தனர். ஒய். எஸ். ராஜசேகர ரெட்டி முதலமைச்சராக இருந்த காலம் முதல் அப்பகுதிக்கு இன்னொரு முதன்மையும் சேர்ந்தது. முதலமைச்சரின் முகாம் அலுவலகம் அங்கு அமைந்தது. 'முகாம்' என்பது அரபிச் சொல்லாகப் பிறந்து உருது வழியாகத் தென்மொழிகளில் புகுந்தது. சுற்றுப்பயணத்தில் இருக்கும் அலுவலர் தற்காலிகமாகத் தங்கும் இடத்தை வருவாய்த் துறை வழக்கில் அது குறித்தது. கூடாரம் போய்க் கட்டடம் வந்த பின்னும் பெயர் மாறவில்லை. ஆணைகள் தலைமைச் செயலகத்தின் பெயரில் வெளிவருகின்றன. ஆட்சியாளரைக் காண்போர் முகாம் அலுவலகத்துக்குச் செல்கின்றனர். ஆணை எங்கிருந்து பிறக்கிறது, எவர் பேசி முடித்தது என்னும் வினாவுக்கு ஆணையின் சொற்களில் விடை தேட முடியாத ஏற்பாடு இது. தெலுங்கு இதழாளர்கள் 'கேம்ப்பு காரியாலயம்' என எழுதுமிடத்தில் தமிழில் 'முதல்வர் இல்லம்' எனப் பெயர்ப்பவர்கள் அந்த நுட்பத்தை இழந்துவிடுகின்றனர். இல்லத்தில் கோப்பு இல்லை. முகாம் அலுவலகத்தில் உண்டு.

அக்காலத்து ஆந்திரப் பிரதேச அரசு 2007 சூன் மாதத்தில் இரண்டு அரசாணைகளை வெளியிட்டது. அனந்தபுரம் மாவட்டத்தில், கருநாடக எல்லையை ஒட்டி, 68.5 எக்டேர், 39.5 எக்டேர் என இரண்டு பரப்புகளில் இரும்புத் தாது எடுக்கும் குத்தகை ஓபுளாபுரம் சுரங்க நிறுவனத்துக்கு அவற்றால் வழங்கப்பட்டது. அந்நிறுவனம் பெல்லாரியைச் சேர்ந்த காலி சனார்த்தன ரெட்டியுடையது. அவர் பின்னர்க் கருநாடகத்தில் அமைச்சராகவும் ஆனார். கடப்பா மாவட்டத்தில் அமையவிருந்த இரும்பாலையின் தேவைக்குத் தாது பயன்படும் என்னும் அடிப்படையிலேயே குத்தகை கோரப்பட்டது. சுரங்கத் தொழிலில் இதற்கு 'கேப்டிவ்' என்று பெயர். தோண்டியவர் தம் ஆலைக்கே தாதுவைப் பயன்படுத்த வேண்டும், வெளிச்சந்தையில் விற்கலாகாது என்பது அதன் பொருள். மைய அரசின் ஒப்புதல்வரை உடன்வந்த அந்தச் சொல் இறுதி ஆணைகளில் இல்லை என்பதும், அது இல்லாது போனமை தற்செயலன்று என்பதும் மத்தியப் புலனாய்வுத் துறையின் குற்றச்சாட்டு.

வழக்கு 2009 இறுதியில் பதிவாயிற்று. சனார்த்தன ரெட்டி 2011 செப்டம்பரில் கைதானார். 2025 மே 6 அன்று ஐதராபாத் சிறப்பு நீதிமன்றம் அவருக்கும் சுரங்கத் துறையின் முன்னாள் இயக்குநர் உள்ளிட்ட வேறு சிலருக்கும் ஏழாண்டுச் சிறை விதித்தது. முன்னாள் சுரங்கத் துறை அமைச்சரும் ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அலுவலர் ஒருவரும் விடுதலையாயினர். அடுத்த மாதமே தெலங்கானா உயர்நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்தது. ஆணையைப் பிறப்பித்த துறைச் செயலரை அதே உயர்நீதிமன்றம் 2022இல் வழக்கினின்று விடுவித்திருந்தது. 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் அம்முடிவை நீக்கி, மறு ஆய்வுக்கு அனுப்பியது. ஆகவே எவர் செய்தது என்பது பற்றிய சட்டப் போராட்டம் நெடியது. மொழியியலார்க்கு உரிய வினா வேறு. ஒரு சொல் இல்லாமற் போவதை எந்த வினையால் சொல்வது?

விடுபடு, விடு, நீக்கு

தமிழ்ச் செய்திகளிலும் கட்டுரைகளிலும் இத்தகைய இடத்தில் இயல்பாக வந்து விழும் வினை 'விடுபட்டது' என்பது. 'ஆணையில் அச்சொல் விடுபட்டிருந்தது' என்னும் தொடரில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆயினும் 'விடுபடு' தன்வினை. அதற்குச் செய்வோன் தேவையில்லை. அச்சகத்தில் எழுத்து விடுபடும். வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபடும். கவனக்குறைவு என்னும் குறிப்பை அவ்வினை தானே சுமந்து வருகிறது. 'விடப்பட்டது' எனின் செய்வோன் ஒருவன் உண்டு, ஆனால் சொல்லப்படவில்லை. 'நீக்கப்பட்டது' எனின் முன்னர் இருந்தது என்பதும், வேண்டுமென்றே எடுக்கப்பட்டது என்பதும் சேர்ந்துகொள்கின்றன. குற்றஞ்சாட்டும் தரப்பின் வாதம் மூன்றாம் வினையில் இருக்கிறது. எதிர்வாதம் முதல் வினையில் இருக்கிறது. 'விடுபட்டது' என்று எழுதிய மொழிபெயர்ப்பாளர், தாம் அறியாமலே எதிர்வாதியின் பக்கம் நின்று தீர்ப்பும் கூறிவிடுகிறார். 'நீக்கப்பட்டது' என்று தம் கூற்றாக எழுதியவரும் அதே தவற்றை மறுபுறம் செய்கிறார். 'நீக்கப்பட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது' என்பதே நேரிய வடிவம். அது நீளமானது, தலைப்புக்குள் அடங்காது.

'விடுபடு' என்பதற்குச் சிறையினின்று நீங்குதல் என்னும் பொருளும் உண்டு. ஆலைக்கென்று கட்டுண்டிருந்த தாது, கட்டைச் சுட்டும் சொல் விடுபட்டதும், தானும் விடுபட்டுத் துறைமுகம் நோக்கிச் செல்லத் தடையற்றதாயிற்று.

தொடரியல் நோக்கில் இவ்வழக்கு கற்பிப்பது சற்று ஆழமானது. வாக்கியத்தில் கட்டாயக் கூறுகளும் விருப்பக் கூறுகளும் உண்டு. 'அரசு நிறுவனத்துக்குக் குத்தகை வழங்குகிறது' என்பதில் எழுவாயும் கொள்வோனும் செயப்படுபொருளும் வேண்டப்படுவன. 'ஆலைப் பயன்பாட்டுக்காக' என்பது விருப்பக் கூறு. எடுத்துவிட்டாலும் வாக்கியம் முழுமையாகவே நிற்கும், கேட்பவர்க்குக் குறை தோன்றாது. ஆனால் சட்டத்தில் அதுவே கட்டாயக் கூறு. தொடரியலில் விருப்பமாகவும் சட்டத்தில் கட்டாயமாகவும் உள்ள கூறே ஆவணக் குற்றத்துக்கு ஏற்ற இடம். எழுவாயை நீக்கினால் வாக்கியம் நொண்டும், எவரும் கவனிப்பர். அடையை நீக்கினால் வாக்கியம் முன்னிலும் சரளமாக ஓடும்.

இவ்வாணைகளைத் தமிழில் எழுத நேர்ந்தால் நிலைமை இன்னும் நுண்மையாகிறது. 'தாது ஆலைக்கே பயன்படும்', 'தாது ஆலைக்குப் பயன்படும்' என்னும் இரண்டுக்கும் இடையே உள்ளது ஓர் ஏகாரம். தொல்காப்பியர் ஏகாரத்தின் பொருள்களை வகுத்தபோது பிரிநிலையையும் சொல்லியிருக்கிறார். மற்றவற்றினின்று ஒன்றைப் பிரித்து நிறுத்தும் அந்த ஏகாரத்தை நடை அழகுக்கென வந்ததாகக் கருதி உதறும் வழக்கம் செய்தியறை மொழிபெயர்ப்பில் பரவலானது. ஆங்கிலத்தில் ஒரு பெயரடை செய்யும் பணியைத் தமிழில் ஓரெழுத்து செய்கிறது. சட்ட மொழிபெயர்ப்புப் பயிற்சியில் ஏகாரத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்கினாலும் மிகையாகாது.

'கேப்டிவ்' என்பதற்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இல்லை. 'பிணைப்புச் சுரங்கம்' என்பது கருதத்தக்கது. ஆயினும் 'பிணை' இதே வழக்கில் வேறிடத்திலும் வேண்டப்படுகிறது. சனார்த்தன ரெட்டிக்குப் பிணை வழங்கப் பணம் பெற்றதாக எழுந்த குற்றச்சாட்டில் சிறப்பு நீதிமன்ற நீதிபதி ஒருவர் 2012 மே மாதத்தில் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். பிணைக்கு இலஞ்சம், பிணைப்புக்கு மீறல் என எழுதினால் வாசகர் திணறுவார். 'தன்பயன்பாட்டுச் சுரங்கம்' என்பது நீளமாயினும் பொருள் தெளிவுடையது. 'கேப்டிவ் சுரங்கம்' என ஒலிபெயர்ப்பது, வழக்கின் உயிர்நிலையை வாசகர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் புதைப்பதாகும்.

ஆணையின் எழுவாய்

மாநில அரசின் ஆணைகள் அரசமைப்பின் 166ஆம் உறுப்பின்படி ஆளுநர் பெயரில் வெளிவருகின்றன, கையெழுத்து செயலருடையது, முடிவு அமைச்சருடையது. பெயர், கை, கருத்து ஆகிய மூன்றும் மூவரிடம் உள்ளன. தமிழ்நாட்டில் 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பின் வளர்ந்த ஆட்சித்தமிழ் இவ்வமைப்பை அப்படியே ஏற்றது. 'அனுமதி வழங்கப்படுகிறது', 'ஆணையிடப்படுகிறது' என்னும் படுவினைகள் பெருகின. திராவிட மொழிகளுக்குச் செயப்பாட்டு வினை இயல்பானதன்று என்று கால்டுவெல் 1856இல் கருதினார். அக்கருத்து முழுவதும் ஏற்கத்தக்கதன்று. எனினும் ஆட்சித்தமிழைப் படிப்போர்க்கு அவர் மேல் சற்றுப் பரிவு தோன்றக்கூடும்.

பேச்சுத்தமிழ் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. 'கோப்பு நகர்ந்தது', 'கையெழுத்து ஆயிற்று', 'காரியம் முடிந்தது', 'பணம் கைமாறியது' என்பன அனைத்தும் தன்வினைகள். செயப்படுபொருளே தானாகத் தொழிற்படுவதுபோலச் சொல்லும் மரபு தமிழில் மிகத் தொன்மையானது. இலக்கணிகளும் அதை வழக்கென ஒப்புக்கொண்டனர். உலை கொதித்ததையும் வேலை முடிந்ததையும் சொல்ல வந்த மரபு அது. இலஞ்சம் பெற்ற கோப்பும் தன் காலால் நடக்கத் தொடங்கியபோது மரபு குற்றத்துக்குத் துணைபோயிற்று. 'நகர்த்தினார்' என்று பிறவினையாக்குவதற்குச் சான்று வேண்டும். சான்று இல்லாதபோது தன்வினையே பாதுகாப்பு. இதழாளர்க்கு அவதூறு வழக்கு பற்றிய அச்சம் நியாயமானதே. நீதிமன்றம் பெயர் சொல்லித் தண்டித்த பின்னும் அதே தன்வினைகள் தொடர்வதுதான் பொறுத்துக்கொள்ள இயலாதது.

கும்பகோணமும் முறைகேடும்

தெலுங்கு இதழ்களில் பெரும் ஊழலுக்கு வழங்கும் சொல் 'கும்பகோணம்' என்பது. தமிழ் வாசகர்க்கு இது வியப்பளிக்கும். காவிரிக் கரையில் உள்ள ஊரின் பெயர் ஐதராபாத்துச் செய்தித்தாளில் நிலக்கரி, முத்திரைத்தாள், சுரங்கம் என எதனோடும் சேர்ந்து வருகிறது. தெலுங்கில் அது இன்று பொதுப்பெயர். எழுதுவோர் ஊரை நினைப்பதில்லை. தெலுங்கிலிருந்து தமிழுக்குப் பெயர்ப்பவர் அச்சொல்லை அப்படியே வைக்க முடியாது; குடந்தைவாசிகள் சினம் கொள்வது ஒருபுறமிருக்க, வாசகர் வேறு மாவட்டத்துச் செய்தி என்றே எண்ணுவார். அதற்கு ஈடாகத் தமிழில் எதை வைப்பது என்பதில்தான் இடர் தொடங்குகிறது.

'ஊழல்' முதலில் நினைவுக்கு வரும். 'ஊழ்' என்னும் வினையடி முதிர்தல், உதிர்தல், கெடுதல் ஆகியவற்றைக் குறிப்பது. எனவே ஊழல் என்பது கெட்டுப்போதல். ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான இலத்தீன் வடிவத்திலும் சிதைவு என்னும் பொருள் உண்டு. எனவே இணைப்பு பொருத்தமானதே. ஆனால் கெட்டுப்போதல் காலத்தால் தானே நிகழ்வது. பழம் ஊழ்க்கிறது, எவரும் ஊழ்ப்பிப்பதில்லை. விதியைக் குறிக்கும் 'ஊழ்' ஒலியால் அருகில் நிற்பது வேறு துணை சேர்க்கிறது. தெலுங்கின் 'அவிநீதி' நெறியின்மையைச் சொல்வது. அதுவும் செயலைச் சொல்லவில்லை. 'இலஞ்சம்' இரு மொழிக்கும் பொது. கொடுப்பவரும் வாங்குபவரும் அதில் தெரிகின்றனர். தமிழக அரசின் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்தை மக்கள் 'லஞ்ச ஒழிப்புத் துறை' என்றே வழங்குவது மொழியுணர்வு நிறைந்த செயல். நோயைத் தடுப்பதைவிடக் கையைப் பிடிப்பது அவர்களுக்கு விளங்குகிறது.

அடுத்து வருவது 'முறைகேடு'. கடந்த சில பத்தாண்டுகளில் இச்சொல் பெற்ற வளர்ச்சி தனி ஆய்வுக்குரியது. தேர்வு முறைகேடு, கிரானைட் முறைகேடு, சுரங்க முறைகேடு என எங்கும் அது பொருந்துகிறது. பொருந்துவதே அதன் குறை. வருகைப் பதிவேட்டில் காலந்தாழ்த்திக் கையெழுத்திடுவதும் முறைகேடு; மலையொன்றைக் காணாமற் செய்வதும் முறைகேடு. மதுரை மாவட்டக் கிரானைட் குவாரிகளைப் பற்றி 2012இல் மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் அனுப்பிய அறிக்கையில் இழப்பு ஆயிரக்கணக்கான கோடி எனக் கணக்கிடப்பட்டது. அச்செய்திக்கும் முறைகேடு என்றே தலைப்பிடப்பட்டது. மாறாக, ஆற்று மணலைப் பற்றிப் பேசும்போது மக்கள் 'மணல் கொள்ளை' என்கின்றனர். கொள்ளை என்றால் கொள்ளையர் உண்டு, பறிகொடுத்தவர் உண்டு, பொருள் உண்டு. ஆறு வறண்ட ஊர்களில் பிறந்த இச்சொல் செய்தித்தாளுக்குள் புகுந்து நிலைத்துவிட்டது. துறைசார் அகராதிக் குழு எதுவும் இவ்வளவு துல்லியமான கலைச்சொல்லை ஆக்கித் தந்ததில்லை.

கூட்டத்துக்குப் பெயர்

தனியாளின் கையூட்டிலிருந்து அமைப்பின் குற்றத்துக்கு வரும்போது தமிழ் இன்னும் தடுமாறுகிறது. 1993 மும்பை குண்டுவெடிப்புகளுக்குப் பின் உள்துறைச் செயலர் என். என். வோரா தலைமையில் அமைந்த குழு அவ்வாண்டு அக்டோபரில் அறிக்கை அளித்தது. 1995 ஆகத்தில் அது நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. குற்றக் கும்பல்களுக்கும் அரசியலார்க்கும் அரசு அலுவலர்க்கும் இடையே உள்ள 'நெக்சஸ்' என்பது அதன் மையக் கருத்து. தமிழில் இது 'தொடர்பு' ஆயிற்று. தொடர்பு என்பது கடிதப் போக்குவரத்துக்கும் போதும். மூலச்சொல்லின் இலத்தீன் வேர் கட்டுதலைக் குறிப்பது. உரோமானியச் சட்டத்தில் கடனுக்குத் தன் உடலையே ஈடாக்கியவனின் நிலையையும் அவ்வேரிலிருந்து பிறந்த சொல்லே குறித்தது. தேர்தலுக்குப் பணம் பெற்றவர் பின்னர்ப் பணம் தந்தவரிடமிருந்து விலக முடியாத நிலைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை இல்லை. 'பிணைப்பு' அல்லது 'முடிச்சு' என்பதே இவ்விடத்துக்கு உரியது.

ஐதராபாத்துத் தெலுங்கு இத்துறையில் வளமான சொற்களைக் கொண்டது. வணிகத்தைக் குறித்த இந்துத்தானிச் சொல் அங்கே 'தந்தா' என வழங்கி, கள்ளத் தொழிலைக் குறிக்கிறது. தமிழில் 'வம்பு தண்டா' என்பதில் உள்ள சொல்லோடு அதனை மயக்கிப் பெயர்ப்பது எளிதில் நேரும் பிழை. நிலத் தகராறுகளில் அடியாள் நுழைந்து முடித்துவைப்பதை 'செட்டில்மெண்ட்' என்பர். 2016 ஆகத்தில் காவல்துறையினரால் சுட்டுக்கொல்லப்பட்ட நயீம் பற்றிய செய்திகள் எல்லாம் இச்சொல்லால் நிறைந்திருந்தன. இதற்குத் தமிழில் 'கட்டப் பஞ்சாயத்து' ஆயத்தமாக இருக்கிறது. 'தீர்வு' எனப் பெயர்ப்போரை மன்னிக்க முடியாது.

இராயலசீமையின் 'பேக்சன்' கடினமானது. ஆங்கிலத்தில் உட்கட்சிப் பிரிவைச் சுட்டும் அச்சொல், கர்நூல், கடப்பா, அனந்தபுரம் பகுதிகளில் தலைமுறை தாண்டும் கொலைப்பகையைக் குறிக்கிறது. 1997 நவம்பரில் ஐதராபாத் சூபிலி ஹில்சில் நடந்த கார்க் குண்டுவெடிப்பில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; அதற்கு இலக்கான பரிட்டால ரவி சட்டமன்ற உறுப்பினராக இருக்கையில் 2005 சனவரி 24 அன்று அனந்தபுரத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். இதனைத் தமிழில் 'கோஷ்டி மோதல்' என்று எழுதினால் என்ன ஆகிறது? வைணவர்க்குக் கோஷ்டி பாசுரம் ஓதும் குழு; தெலுங்கர்க்கு 'கோஷ்டி' இலக்கியக் கலந்துரையாடல்; தமிழ் வாசகர்க்கு அது கட்சி அலுவலகத்தில் நாற்காலி பறப்பது. குண்டு வெடித்ததை எதுவும் சொல்லவில்லை. 'குடிப்பகை' என்னும் பழஞ்சொல்லை மீட்கலாம். தெலுங்கில் 'கட்ச' என்பது பகைமை, 'கட்சிதாரு' என்பது வழக்காடுபவர். தமிழில் 'கட்சிக்காரர்' வழக்கறிஞரின் வாடிக்கையாளராகவும் அரசியல் தொண்டராகவும் இருக்கிறார். கட்சி, வழக்கு, பகை மூன்றும் இவ்வளவு நெருங்கிய ஒலிவடிவங்களில் வாழ்வது மொழிபெயர்ப்பாளரை எச்சரிக்கப் போதுமானது.

2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்கிதாவின் 111ஆம் பிரிவு, அமைப்பாகச் செய்யப்படும் குற்றத்தைத் தனிக் குற்றமாக வரையறுத்தது. நிலப்பறிப்பும் பொருளாதாரக் குற்றங்களும் அதில் அடங்கும். தமிழில் இதனைத் 'திட்டமிட்ட குற்றம்' என்போர் உளர். திட்டமிடத் தனியொருவன் போதும். இங்கே வேண்டப்படுவது தொடர்ந்து இயங்கும் கூட்டம். 'ஒழுங்கமைக்கப்பட்ட குற்றம்' என்பது ஒழுங்கையும் குற்றத்தையும் ஒரே நுகத்தில் பூட்டுகிறது. 'அமைப்புவழிக் குற்றம்' என்பது குறையற்றதன்று; ஆயினும் ஆட்கள் மாறினாலும் அமைப்பு நிற்கும் என்னும் கருத்து அதில் உண்டு.

அக்கருத்தின் தேவையைப் பெல்லாரிப் பக்கத்துச் சான்றே காட்டுகிறது. கருநாடக லோகாயுக்தா சந்தோஷ் எக்டே 2011 சூலையில் அளித்த அறிக்கை, உரிய அனுமதிச்சீட்டு இல்லாத தாது வண்டிகள் பணம் செலுத்திச் சோதனைச் சாவடிகளைக் கடந்த ஏற்பாட்டை விளக்கியது. அத்தொழிலில் இருந்தோர் அதற்கு வைத்த பெயர் 'சீரோ ரிசுக்கு'. வங்கிக் குறுங்கையேட்டில் காணத்தக்க அச்சொல்லைத் தமிழில் 'ஆபத்தில்லா முறை' எனலாம். 'இடர் நீக்கக் கட்டணம்' எனலாம். இரண்டும் குற்றவாளியின் கணக்கேட்டிலிருந்து பெயர்க்கப்படுவன. சாவடியில் சீட்டுக் கேட்க வேண்டிய காவலர், வனத்துறையாளர், போக்குவரத்து அலுவலர் ஆகியோர் பக்கமிருந்து பார்த்தால் அதற்கு உரிய தமிழ்ச் சொல் 'மாமூல்'. அதுவும் உருது வழியாக வந்ததே. 'வழக்கமானது' என்பது அதன் மூலப்பொருள்.